ஊர்ப் பொது நிலத்தை உயிரோடு வைத்திருக்க: ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி என்று கடலை ஒட்டியே போனால், எந்த ஊருக்கும் ஒரு பொது நிலம் இருக்கும். மேய்ச்சல் தரை, கண்மாய்க் கரை, உடைமரக் காடு, பனைக் கூட்டம், மணல்மேடு, முகத்துவாரத்துச் சேற்று நிலம் என்று அதற்குப் பல முகம். வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்கு இது சும்மா கிடக்கும் தரிசு. ஆடு வைத்திருப்பவருக்கும், விறகு பொறுக்குபவருக்கும், ஓலை வெட்டிப் பெட்டி முடைபவருக்கும் அது வருடம் முழுவதற்குமான கையிருப்பு.

இந்த நிலத்தைச் சரிசெய்யப் புறப்படும் ஊர்களில் பல, மரக்கன்றில்தான் தொடங்குகின்றன. குழி தோண்டி, கன்று வைத்து, படம் எடுத்துக்கொண்டு போனதும் சித்திரை வெயிலில் கன்று கருகிவிடும். ஆட்டுக்காரர்மீது பழி விழும். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் ஆவணம், அடுத்து ஆட்கள், பிறகு முள், தண்ணீர், புல். மரம் கடைசியில்தான். இந்தக் கரையில் நிலத்தை யார், எப்போது, எவ்வளவு பயன்படுத்துவது என்று பயன்படுத்துபவர்களே கூடி முடிவுசெய்த ஊரில்தான் மற்ற வேலைகள் நிற்கும்.

1. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் கேளுங்கள். பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நேராக அந்த நிலத்தின் வகை எழுதியிருக்கும். ஊரில் எல்லாவற்றையும் ‘புறம்போக்கு’ என்று ஒரே பெயரில் சொன்னாலும், எழுத்தில் அவை தனித்தனி. யாரிடம் அனுமதி கேட்பது, வருமானம் எங்கே போவது என்பதெல்லாம் அந்த வகையைப் பொறுத்தது.

1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 134-ஆவது பிரிவின்படி மேய்ச்சல் தரை, களம், இடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் ஊராட்சியிடம் இருப்பவை. கண்மாய் அப்படி அல்ல. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். காப்புக்காடு வனத்துறையுடையது. ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறி இறங்கும் இடமும் அலையாத்திக் காடும் கடலோர ஒழுங்குமுறை விதிகளுக்குள் வருகின்றன. அங்கே அனுமதி இல்லாமல் ஒரு வாய்க்கால்கூட வெட்டக் கூடாது.

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையை நடந்து பாருங்கள். இளவட்டங்கள் மட்டும் போனால் போதாது. ஆடு மேய்த்த பெரியவர் ஒருவரும், விறகுக்குப் போகிற பெண்கள் இரண்டு மூன்று பேரும் கூட வரவேண்டும். இந்தப் பக்கம் சமஸ்தானமாக இருந்து, 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசிடம் வந்த நிலம். ஊர் வாய்வழியாகச் சொல்லும் எல்லையும் சர்வே கல்லும் ஒத்துப்போகாத இடங்கள் இருக்கும். அவற்றை அப்போதே குறித்துவையுங்கள்.

ஆக்கிரமிப்பு இருந்தால் சண்டையில் இறங்க வேண்டாம். நில அளவை கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள்; ஆண்டுதோறும் வருவாய்த் துறை கிராமக் கணக்கைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியிலும் கொடுங்கள். ஊர்ப் பொது நிலத்தில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி மக்களின் பொதுப் பயன்பாட்டுக்குத் திருப்பித்தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுவில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். நீர்வளத் துறையின் கண்மாய் என்றால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் காட்டலாம். ஒன்றை மட்டும் ஊர் மறக்கக் கூடாது. போக வேறு இடம் இல்லாமல் குடிசை போட்டிருக்கும் குடும்பமும், வேலி போட்டு வளைத்தவரும் ஒன்றல்ல. குடிசைக்காரருக்கு மாற்று இடம் கேட்பதும் அதே தீர்மானத்தில் இருக்க வேண்டும்.

2. நிலத்தை நம்பியிருப்பவர்களைக் கணக்கெடுங்கள்

ஒரு பெரிய தாளில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டம் போடுங்கள். எந்த மாதம் யார், எதற்காக வருகிறார்கள் என்று எழுதுங்கள். உள்ளூர் ஆடு, மாடு, விறகு, பனை ஏறுபவர், ஓலை, நண்டு பிடிப்பவர், கரிமூட்டம் போடுபவர், கோயில் திருவிழா என்று எல்லாம் அதில் வரவேண்டும்.

அதில் பெரும்பாலும் விட்டுப்போகிறவர் கீதாரி. ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களைத் தேடி தஞ்சைப் பக்கம்வரை போய், அங்கங்கே கிடை போட்டு (வயலுக்கு உரமாகும்படி ஆட்டை இரவில் அங்கேயே அடைத்து வைத்து), மழைக்குத் திரும்பும் மனிதர். ராமநாதபுரம் வெள்ளை என்று பெயர் பெற்ற நம் செம்மறி இனம் நிலைத்திருப்பதற்கு இப்படி நடந்து மேய்க்கிறவர்களும் காரணம். கூட்டம் போடும் நாளில் அவர் ஊரில் இருக்க மாட்டார். அவர் இல்லாமல் போட்ட மேய்ச்சல் விதி அவர் திரும்பி வந்த அன்றே உடையும். எனவே அவர் ஊரில் இருக்கும் மாதத்தில் கூட்டத்தை வையுங்கள்.

விதியை மக்களே வகுத்துக்கொண்டதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் கடலில் இறங்குவது, பவளப்பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியை விட்டுக் கையால் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது. 1986-ல் அந்தத் தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு அந்தப் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இருந்த உரசல் சின்னதல்ல. இத்தனைக்கும் நடுவில்தான் கடலை ஓய்வெடுக்க விட வேண்டும் என்ற முடிவை அவர்கள் எடுத்தார்கள். கரையில் இருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் இது முடியும்.

குழு அமைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர் பெருக்கச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்பு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். தன் எல்லைக்குள் வணிகத்துக்காக உயிர்வளங்களைச் சேகரிப்பவர்களிடம் கட்டணம் வாங்கவும் அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. பல ஊர்களில் குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறது. உங்கள் ஊரில் யார் உறுப்பினர் என்று முதலில் கேளுங்கள். நிலம் காப்புக்காடாக இருந்தால், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். நிலையாக மேய்ப்பவருக்கு மட்டுமன்றி, இடம்பெயர்ந்து மேய்ப்பவருக்கும் மேய்ச்சல் உரிமை உண்டு என்று அதன் 3-ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. பழங்குடியினர் அல்லாதவர்கள் 13 டிசம்பர் 2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அந்த நிலத்தை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பழைய ரசீது, மேய்ச்சல் அனுமதிச் சீட்டு, பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள்.

3. சீமைக்கருவேலத்தைத் துண்டு துண்டாக எடுங்கள்

இந்த மாவட்டத்தில் பொது நிலம் என்றால் பாதிப் பேச்சு சீமைக்கருவேலத்தைப் பற்றித்தான். அடர்ந்து வளர்ந்த இடத்தில் கீழே புல் முளைப்பதில்லை, கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்கால் அடைபடுகிறது, மாடு நுழைய முடிவதில்லை. எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஏழை வீட்டு அடுப்பு எரிவதும், கரிமூட்டத்தில் பல குடும்பம் பிழைப்பதும் இந்த மரத்தால்தான். மொட்டையடித்த மணல் நிலம் ஆடிக் காற்றில் பறக்கவும் செய்யும்.

இடத்தை நான்கைந்து துண்டாகப் பிரியுங்கள். முதலில் வரத்துக்கால், கண்மாயின் உள்வாய், ஊருணிக் கரை. அடுத்து புல் இன்னும் மிச்சம் இருக்கும் மேய்ச்சல் தரையில் அங்கங்கே தலைகாட்டும் இளஞ்செடிகள். அடர்ந்த காட்டைக் கடைசியில் தொடுங்கள். புல் உயிரோடு இருக்கும் இடத்தில் பத்துச் செடியைப் பிடுங்குவதற்கு ஆகும் உழைப்பு குறைவு, பலன் அதிகம்.

எடுக்கும் முறை இது. தரையோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பல கிளைகளாக வெடித்து வரும், வெட்டியதே வீண். துளிர்க்கும் மொட்டு தண்டும் வேரும் சேரும் கழுத்தில், மண்ணுக்குள் இருக்கிறது. எனவே அடியைச் சுற்றித் தோண்டி, ஒரு முழத்துக்கு இறங்கி, கழுத்துக்குக் கீழே வேரோடு எடுக்க வேண்டும். பெரிய மரங்களுக்கு ஜேசிபி தேவைப்படலாம். அது விட்டுப்போகும் பள்ளங்களை அன்றே மூடச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இளஞ்செடியைக் கையால் பிடுங்க ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான் நேரம். வேர் முழுதாக வரும்.

காய் பழுக்கும் முன் வேலையை முடிப்பது நல்லது. பழுத்த காயை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கொட்டை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வந்து, அந்த எருவிலேயே முளைக்கும். வேறு இடத்தில் காய் மேய்ந்த மந்தையை ஒரு வாரம் பட்டியில் அடைத்துத் தீவனம் போட்டுவிட்டு, பிறகு சுத்தம் செய்த துண்டுக்குள் விடுங்கள். மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். எடுத்த முதல் மழைக்கு ‘திரும்ப வந்துவிட்டதே’ என்று மனம் உடைந்துபோக வேண்டாம். குறைந்தது மூன்று மழைக்காலம் அந்த இடத்தில் நாற்றுப் பிடுங்குவது இந்த வேலையின் பகுதி. நூறு நாள் வேலை என்று ஊரில் சொல்லும் ஊரக வேலைத் திட்டத்தில் இதைச் சேர்க்க முடியுமா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.

வெட்டிய முள்ளை எரிக்காதீர்கள். 5-ஆவது பகுதியில் சொல்லும் அடைப்புக்கு அதுதான் வேலி. பருமனான கட்டையை ஏலம் விட்டால், முதல் பங்கு ஊர்ப் பெண்களின் விறகுக்கு என்று ஏல நிபந்தனையில் எழுதுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. காஞ்சிரங்குளம், சித்திரங்குடி, சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் பறவைகள் சரணாலயங்களிலும் அவற்றை ஒட்டிய கண்மாய்களிலும் கொக்கும் நாரையும் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில். நான்கும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ளவை. அங்கே வனத்துறை சொல்லாமல் ஒரு கிளையைத் தொடக் கூடாது. கூடு கட்டும் மழைக்காலத்தில் அருகேகூட வேலை வேண்டாம். அந்த இடங்களில் நாட்டுக் கருவேலம் வளர்ந்து கூடுதாங்கும் உயரம் வந்த பிறகுதான் சீமையை எடுப்பது பற்றிப் பேச வேண்டும்.

4. நல்ல தண்ணீரைத் தொந்தரவு செய்யாதீர்கள்

கடலோர மணலில் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினால் கீழே உள்ள உவர் மேலே ஏறிவிடும். ஆகவே ஊருணியைத் தூர்வாரும்போது பழைய களிமண் தளம் தெரிந்ததும் நிறுத்துங்கள். பொது நிலத்தில் மணல் அள்ளவிடக் கூடாது. மணல்மேடுதான் அந்தத் தண்ணீரின் கூரை. வரத்துக்காலைத் திறந்துவிடுவதும், மேய்ச்சல் தரையின் சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயர மண்வரப்பு போட்டு ஓடும் நீரை நிறுத்துவதும் போதும்.

5. புல்லுக்கு ஓய்வு கொடுங்கள்

எனக்கு இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி இதுதான். மேய்ச்சல் தரையில் மரம் இல்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புல்வெளி முடிக்கப்படாத காடு அல்ல. கொழுக்கட்டைப்புல், அருகு, கோரை வளரும் திறந்த தரைக்கென்று தனிப் பூச்சிகள், தரையில் முட்டையிடும் பறவைகள், முயல்கள் இருக்கின்றன. அதில் நெருக்கமாக மரம் நட்டால் அவையும் போகும், ஆட்டுக்காரரின் பிழைப்பும் போகும்.

இங்கே மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. புல்லின் வருடமும் அதற்குள்தான். முதல் மழைக்கு ஈர்க்கு விட்டதும் ஆட்டை விட்டால், வேரில் சேமித்ததைச் செலவழித்து வந்த முதல் இலையே போய்விடும். சில வருடம் இப்படி நடந்தால் கொழுக்கட்டைப்புல் போன்ற பல்லாண்டுப் புற்கள் மறைந்து, ஆடு தொடாத களைகள்தான் மிஞ்சும்.

எனவே மேய்ச்சல் தரையை நான்கு பாகமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு பாகத்தை முதல் மழையிலிருந்து தை மாதம் விதை கொட்டும்வரை முழுதாக அடையுங்கள். மற்ற மூன்றில் மழை தொடங்கிய முதல் சில வாரம் மட்டும் மேய்ச்சலை நிறுத்தி, புல் கணுக்கால் உயரம் வந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து சுற்றி மேயுங்கள். ஒரு பாகத்தில் புல்லின் பாதி உயரம் போனதும் அடுத்ததற்கு மாறுங்கள். நான்கு வருடத்தில் எல்லாப் பாகமும் ஒரு முறை விதை போட்டிருக்கும்.

அந்தச் சில வாரத்துக்கு ஆடு எங்கே போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அடைப்பைப் பற்றிப் பேசவே கூடாது. பதில் ஊருக்கு ஊர் வேறாகும். கோடையில் உதிரும் நாட்டுக் கருவேல நெற்றைச் சேர்த்து வைப்பது, கண்மாய்க் கரை உடைமரத்திலிருந்து தழை வெட்டிப்போடுவது, தைப் புல்லை அறுத்து உலர்த்திப் போர் போடுவது ஆகியவை கைகொடுக்கும். ஒன்றிரண்டு ஆடு மட்டும் வைத்திருக்கும் கைம்பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வீட்டருகே ஒரு துண்டை எப்போதும் திறந்தே வையுங்கள். நூறு ஆடு வைத்திருப்பவருக்கும் இரண்டு ஆடு வைத்திருப்பவருக்கும் ஒரே விதி போடுவது நியாயம் ஆகாது.

விதை வாங்க அலைய வேண்டாம். வேலி ஓரத்திலும் கோயில் வளாகத்திலும் தப்பிப் பிழைத்த கொழுக்கட்டைப்புல்லிலிருந்து தையில் கதிரை உருவி, நிழலில் காயவைத்து, புரட்டாசி கடைசியில் ஈர மணலோடு கலந்து தூவுங்கள். உழவே வேண்டாம், முள்வாரியால் மேலோட்டமாகக் கீறினால் போதும்.

வெளியூர் மந்தை வந்தால் விரட்டாதீர்கள். எந்தப் பாதையில் வரலாம், எத்தனை இரவு தங்கலாம், எந்தப் பாகத்தில் மேயலாம் என்று தெரியும்படி ஊர் மந்தைவெளியில் எழுதிவையுங்கள். மிளகாய்க் காட்டுக்குக் கிடைபோட அவர்களைத்தானே நாமும் கூப்பிடுகிறோம்.

6. மரம்: குறைவாக, இடம் பார்த்து

பனையே முதல். செப்டம்பரில் பொறுக்கிய கொட்டையைப் பத்தடிக்கு ஒன்றாகக் கண்மாய்க் கரையிலும் எல்லையிலும் ஊன்றினால், தண்ணீர் ஊற்றாமலே வரும். பயன்தரப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது. எல்லையில் நிற்கும் பனை, ஆக்கிரமிப்பைத் தடுக்கும் சாட்சியாகவும் நிற்கும். உள்ளே குடை விரித்த உடைமரம், உவர் தாங்கும் உகா, வேம்பு, ஊருணிப் பக்கம் பூவரசு ஆகியவை போதும். முளைத்து வந்த உடைமரக் கன்றைச் சுற்றி முள் கட்டிக் காப்பது, நாற்றங்காலில் இருந்து புதுக்கன்று கொண்டுவருவதைவிட நல்லது.

7. மணல்மேடும் சேற்று நிலமும்

கடற்கரை மணலைப் பிடித்து வைப்பது இராவணன் மீசையும் அடப்பங்கொடியும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் சவுக்கு நடும் ஆர்வம் பெருகியது. காற்றுத் தடுப்புக்கு ஊருக்கு அருகே சவுக்கு இருக்கட்டும். ஆமை ஏறி முட்டையிடும் மணலையும், கொடி படர்ந்த முன்மேட்டையும் விட்டுவிடுங்கள். வண்டித்தடம் ஒன்றே ஒன்று இருக்கும்படி கட்டை நட்டு, மற்ற இடத்தில் வாகனம் ஏறாமல் பார்த்தால் கொடி தானே பரவும்.

அலையாத்தி விஷயத்தில் நடுவதற்கு முன் ஓதத்தைப் பாருங்கள். மரம் செத்த இடத்தில் பெரும்பாலும் நீரோட்டம் நின்று, தேங்கிய நீர் காய்ந்து உப்பேறியிருக்கும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறம் கிளை வாய்க்கால்களும் வெட்டி ஓதநீரை ஏறி இறங்கவைத்த பிறகே காடு மீண்டது. அது வனத்துறையின் அனுமதியோடும், வாய்க்காலைத் தூர்வாரும் பொறுப்பை ஊர் ஏற்பதோடும் செய்ய வேண்டிய வேலை. பறவைகள் இரைதேடும் வெற்றுச் சேற்றுப் பரப்பில் புதிதாக அலையாத்தியைத் திணிக்காதீர்கள். காடு ஏற்கெனவே நன்றாக இருக்கிற காரங்காட்டில், வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகில் காட்டைச் சுற்றிக்காட்டி வருமானம் பார்க்கிறார்கள்.

8. கணக்கும் கண்காணிப்பும்

விறகு ஏலம், பனை குத்தகை, கிடைக் கட்டணம் என வரும் பணம் சின்னதானாலும் தனிக் கணக்கில் வையுங்கள். வரவு செலவை ஊராட்சி அலுவலகச் சுவரில் மாதாமாதம் எழுதுங்கள். ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் இது மாறக் கூடாது. அபராதம் முதலில் சிறியதாக, திரும்பச் செய்தால் ஏறுவதாக இருக்கட்டும். விதியை மீறியவர் ஊர்ப் பெரியவர் வீட்டுப் பிள்ளை என்றாலும் அதே தொகைதான். அந்த முதல் அபராதம் வசூலாகிறதா என்பதைத்தான் ஊர் கவனிக்கும்.

நிலம் தேறுகிறதா என்று அறிய ஒவ்வொரு பாகத்திலும் மூன்று இடத்தில் கல் நட்டு, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தை வைத்து, எவ்வளவு பரப்பு புல், எவ்வளவு வெறும் மண், எத்தனை சீமை நாற்று என்று தையிலும் ஆடியிலும் எண்ணுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அழகாகச் செய்வார்கள். அதே கல்லருகே நின்று அதே திசையில் ஒரு படம் எடுத்தால் போதும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மே 1 கூட்டத்தில் நில வரைபடத்தையும் பயன்படுத்துவோர் பட்டியலையும் வைத்துத் தீர்மானம் போடுங்கள். ஆகஸ்ட் 15-ல் முதல் துண்டில் முள் எடுக்கும் வேலையை முடிவுசெய்யுங்கள். அக்டோபர் 2-ல் அந்த வருடம் அடைக்கப்போகும் பாகத்தின் சர்வே எண்ணைப் படித்துக் காட்டி, காவலுக்கு இரண்டு பேரைக் கூலியோடு நியமியுங்கள். மழை அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். அதற்குள் வேலி கட்டியிருக்க வேண்டும்.